மூன்றாம் கூறு

அரங்கநாதனைக் கஞ்சன் என்று சொன்னால் ஊரில் உள்ள மற்றக் கஞ்சர்கள் வருத்தப்படுவார்கள். கஞ்சனுக்குக் காசின்மேல் மட்டும்தான் ஆசை. இவனுக்குப் புத்தகத்தின்மேலும் ஆசை, காசின்மேலும் ஆசை. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்துவிட்டால் சுற்றியிருப்பவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

காணைக்குப் பக்கத்தில் நெல்லும் கரும்பும் விளைகிற பூர்விக நிலம், விழுப்புரத்தில் மாடி வீடு, திண்டிவனத்தில் ஓர் அலுவலகத்தில் நாற்காலி என்று எல்லாம் இருந்தது. புத்தகக் கடைக்குள் நுழைந்து பின்னட்டையைத் திருப்பி விலையைப் பார்த்தால் மட்டும் முகம் கோணிவிடும். நின்றபடியே பாதிப் புத்தகத்தைப் படித்துவிட்டு, மீதிக்கு மறுநாள் வருவான். புத்தகக் கண்காட்சிக்குக் கடைசி நாள், கடைக்காரர்கள் பெட்டி கட்டுகிற நேரம் பார்த்துத்தான் போவான். அலுப்பில் விலையைக் குறைப்பார்களாம். திருட்டுப் பிரதி பகிர்கிற டெலிகிராம் குழு ஒன்று விடாமல் சேர்ந்திருந்தான்.

கூறுத் திட்டம் அவன் மூளையில் உதித்ததுதான். தீபாவளிக்கு நாலைந்து வீடு சேர்ந்து ஓர் ஆட்டை வாங்கி அடித்துக் கூறு போட்டுக்கொள்வது நம் பக்கத்து வழக்கம். முழு ஆடு வாங்க வக்கில்லாதவனும் அன்றைக்குக் கறி தின்பான். புத்தகத்தையும் அப்படி வாங்கினால் என்ன என்று அவனுக்குத் தோன்றியது. விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குக் காலை ரயிலில் சீசன் டிக்கெட்டில் போய் வருகிறவர்களில் ஓயாமல் படிக்கிற இன்னும் இரண்டு பேரைப் பிடித்தான். ஒருவர் பள்ளிக்கூட டீச்சர் காந்திமதி. இன்னொருவர் மின்வாரியத்தில் வீடு வீடாக மீட்டர் கணக்கெடுக்கிற சவுரிராயன்.

சவுரிராயனை 'அவர்' என்றுதான் எனக்கு எழுத வருகிறது. அரங்கநாதனுக்கு அந்த மரியாதை வரவில்லை, மன்னிக்கவும்.

மூன்று பேரும் பணம் போட்டு ஒரு பிரதி வாங்குவார்கள். விழுப்புரத்தில் பாண்டுரங்கன் என்று ஒரு பைண்டர். அட்டையைக் கழற்றி, தையல் நூலை அறுத்து, புத்தகத்தை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மேலும் கீழும் ஒரு காகித அட்டை ஒட்டிக் கொடுப்பார். "புதுப் புஸ்தகத்தைப் போயி உசுரோட அறுக்கச் சொல்றீங்களே" என்று ஒவ்வொரு முறையும் முணுமுணுப்பார். ஒருவர் முதல் கூறை முடித்துக் கைமாற்றிவிட்டு இரண்டாவதை எடுக்கலாம். அவர் பின்னாலேயே அடுத்தவர். யாருக்காகவும் யாரும் காத்திருக்க வேண்டியதில்லை.

சட்டதிட்டமும் அரங்கநாதன் போட்டதுதான். கதையை முன்கூட்டிச் சொல்லக்கூடாது. கறை பட்டாலும் கூறு தொலைந்தாலும் தொலைத்தவர் புதுப்புத்தகம் வாங்கி வைக்க வேண்டும். கடைசியாகப் படிப்பவர் பைண்டிங் கூலியைக் கொடுத்துவிட்டு, மூன்றையும் சேர்த்துத் தைத்துப் புத்தகத்தைத் தனக்கே வைத்துக்கொள்ளலாம். ஒருமுறை காந்திமதி டீச்சரின் டிபன் பாக்ஸிலிருந்து சாம்பார் ஒழுகிப் பத்துப் பக்கம் மஞ்சளாகிவிட்டது. எழுத்தெல்லாம் தெளிவாகத்தான் தெரிந்தது. அரங்கநாதன் விடவில்லை. "ரூல்னா ரூலு டீச்சர். எனக்கே ஆனாலும் இதான்" என்று சொல்லி, புதுப்பிரதி வாங்கவைத்துவிட்டுத்தான் ஓய்ந்தான்.

சவுரிராயனுக்கு ஓர் எழுத்தாளர்மேல் பைத்தியம். அந்த எழுத்தாளரின் புத்தகம் வந்தால் மட்டும் "நான் கடைசியா படிச்சிக்கறேன் சார்" என்று சொல்லிவிடுவார். கடைசி ஆளுக்குத்தானே புத்தகம் சொந்தம்! அப்படிச் சேர்த்துச் சேர்த்து, வளவனூரில் அவர் வீட்டு இரும்பு பீரோவில் அந்த எழுத்தாளர் எழுதிய ஒவ்வொரு வரியும் இருந்தது. அவர் மனைவி அன்புச்செல்வியின் புடவைகள் சூட்கேஸுக்குள் குடிபோயின. அந்த அம்மாள் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. குடிக்கிற புருஷனுக்குப் படிக்கிற புருஷன் மேல் என்று இருந்துவிட்டாள்.

போன வருஷம் அந்த எழுத்தாளரின் பெரிய நாவல் வந்தது. ஆயிரத்துச் சொச்சம் பக்கம், விலையும் ஆயிரத்துச் சொச்சம். பஞ்ச காலத்தில் குப்பு என்ற சிறுமியை உப்பளத்துக்கு விற்றுவிடுகிறார்கள். அவளுடைய அண்ணன் ஆயுள் முழுக்க அவளைத் தேடி அலைகிறான். நடுவில் ஒருநாள் யாரோ அவன் பெயருக்கு ஒற்றைக் கொலுசை அனுப்பிவைக்கிறார்கள். அனுப்பியது யார் என்று தெரியாமலே இரண்டாம் கூறு முடிந்துவிடும். காந்திமதி டீச்சர் மூன்றையும் படித்து முடித்துவிட்டு, மகள் பிரசவத்துக்காக விடுப்பு எடுத்துக்கொண்டு பெங்களூருக்குப் போய்விட்டார். மூன்றாம் கூறு அரங்கநாதனிடம் இருந்தது. சவுரிராயன் இரண்டாவதை முடித்துவிட்டுக் கொலுசும் கையுமாகக் காத்திருந்தார்.

அப்போதுதான் அவருக்குக் கண் போகத் தொடங்கியது. பல வருஷத்துச் சர்க்கரை. பார்க்கிற இடமெல்லாம் கறுப்புக் கறுப்பாகப் பூச்சி பறந்தது. புதுச்சேரியில் கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். இரண்டாவது ஊசிக்குப் பிறகு டாக்டர், பார்க்க வேண்டியதை எல்லாம் இப்போதே பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். அன்புச்செல்வி வேளாங்கண்ணிக்குப் போய்வரலாம் என்று அழுதாள். சவுரிராயனுக்கு வேளாங்கண்ணியும் வேண்டாம், கடலும் வேண்டாம். கண் அணைவதற்குள் மூன்றாம் கூறைத் தானே படித்துவிட வேண்டும். அவருக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

மறுநாளே ரயிலில் அரங்கநாதனிடம் கேட்டார். "சார், தப்பா நெனைக்காதீங்க. கண்ணு ரொம்ப பேஜாராயிடுச்சி. மூணாவது கூறை எனக்கு முன்னாடி குடுத்துட்டீங்கன்னா, ராவும் பகலுமா படிச்சிட்டு ஜல்தியா திருப்பிக் குடுத்துடறேன்."

"முறைன்னு ஒண்ணு வெச்சிருக்கோம் இல்ல சவுரி? இப்ப நீ முன்னாடி படிச்சினா நான்தான் கடைசி ஆளு. அப்புறம் புஸ்தகம் எனக்குத்தான். சம்மதமா?"

"நீங்களே வெச்சிக்கோங்க சார். எனக்குக் கதை தெரிஞ்சாப் போதும்."

இதை அரங்கநாதன் எதிர்பார்க்கவில்லை. சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லிப் பார்த்தான், மனுஷர் பொக்கிஷத்தையே தூக்கிக் கொடுக்கிறார். "சரி, சரி. இன்னும் கொஞ்சம்தான் இருக்குது. ஒரு வாரம் பொறு" என்றான். உண்மையில் அவன் அந்தக் கூறில் கால்வாசிகூடத் தாண்டியிருக்கவில்லை.

அந்த வாரமே கூறு தொலைந்தது. திண்டிவனம் வந்தது தெரியாமல் தூங்கிவிட்டு, வண்டி நகர்கிற நேரத்தில் பையை மட்டும் வாரிக்கொண்டு குதித்தான். புத்தகம் சீட்டிலேயே கிடந்தது. சாயங்காலம் திரும்பி வருகிறபோது, மயிலத்தில் வழக்கமாக ஏறுகிற அஞ்சம்மாளிடம் அவித்த மல்லாட்டை (வேர்க்கடலைக்கு நம் பக்கத்தில் அதுதான் பேர்) வாங்கினான். பொட்டலத்தைப் பிரித்தால் குப்பு என்று எழுதியிருந்தது.

"எங்கம்மா கெடச்சிது இந்தப் பேப்பரு?"

"காலையில சீட்டுல கேட்பாரத்துக் கெடந்துது சார். நல்லா கெட்டியா இருக்குது. ஈரம் வுட மாட்டேங்குது."

"மீதி எங்க?"

"மீதி ஏது? எல்லாம் போணியாயிடுச்சி."

கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. அவனுக்கும்தான் முடிவு தெரியாது. பொட்டலத்துப் பக்கத்தை இரண்டு பக்கமும் படித்தான், மல்லாட்டையைத் தின்று முடித்தான், பேரணி ஸ்டேஷனுக்கும் விக்கிரவாண்டிக்கும் நடுவில் காகிதத்தைக் கசக்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்தான். சட்டப்படி புதுப்புத்தகம் வாங்க வேண்டும். பின்னட்டையில் இருந்த விலை ஞாபகத்துக்கு வந்ததும் அவனுக்குச் சட்டம் மறந்துபோனது. ஓசிப் பிரதி கிடைக்குமா என்று டெலிகிராம் குழுக்களில் கேட்டுப் பார்த்தான். இன்னும் வரவில்லை என்றார்கள். நூலகத்துக்கும் வரவில்லை. தன் கடமை அத்தோடு முடிந்தது என்று நிம்மதியானான்.

அதற்குப் பிறகு சவுரிராயன் தினமும் கேட்டார்.

"முடிச்சிட்டீங்களா சார்?"

"இன்னா அவசரம்? பெரிய எழுத்தாளரு எழுதினது. ரசிச்சிப் படிச்சிக்கினு இருக்கேன். முழுங்கறதுக்கு அது இன்னா மாத்திரையா?"

ஒரு வாரம் மாதமானது, மாதம் இரண்டானது. மீட்டரில் எண் தெரியாமல் தப்பும் தவறுமாகக் குறித்துக்கொண்டு வந்ததால் சவுரிராயனை அலுவலகத்தில் உட்காரவைத்தார்கள். பிறகு மருத்துவ விடுப்பில் அனுப்பினார்கள். விடுப்பில் போவதற்கு முன் ஒரு நாள் ரயிலில் அரங்கநாதன் எதிரிலேயே இருக்க, அவர் பக்கத்து ஆளைத் தொட்டு, "அரங்கநாதன் சார் வந்துட்டாரா?" என்று கேட்டார். அரங்கநாதன் சத்தம் காட்டாமல் எழுந்து அடுத்த பெட்டிக்குப் போனான்.

கண் முழுதாக அணைந்த பிறகு அன்புச்செல்வி போன் செய்தாள். "சார், நீங்க படிச்சி முடிச்சிருந்தா அனுப்பிவைங்க. நான் எழுத்துக்கூட்டியாவது அவருக்குப் படிச்சிக் காட்டறேன். பைத்தியம் புடிச்ச மாரி அதையே கேட்டுக்கினு இருக்காரு."

இதற்குமேல் தள்ளிப்போட முடியாது. "நீ எதுக்கும்மா கஷ்டப்படறே? நானே நேர்ல வந்து படிச்சிக் காட்டறேன்" என்றான் அரங்கநாதன். சொல்லும்போதே அவன் குரல் பெருந்தன்மையில் தழுதழுத்தது. ஞாயிற்றுக்கிழமை, ஆபீஸில் குப்பைக்குப் போகவிருந்த பழைய சுற்றறிக்கைக் கட்டு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு வளவனூருக்குப் பஸ் ஏறினான். வழியெல்லாம் கதைக்கு முடிவு யோசித்தான். எதற்கு வம்பு, செத்துப்போனாள் என்று வைத்துவிட்டால் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள் என்று பட்டது.

அத்தனை வருஷப் பழக்கத்தில் சவுரிராயன் வீட்டுக்குள் அவன் கால் வைத்தது அன்றுதான். அன்புச்செல்வி டீ கொண்டுவந்து வைத்தாள். வெளியில் எங்கும் டீ குடிப்பதில்லை என்றான். ரயிலில் வாங்கிக் குடிக்கிற ஆள்தான். சவுரிராயனுக்கு அதுவும் தெரியும். அவர் குளித்து, வெளுத்த சட்டை போட்டு, மாதாகோவிலுக்குப் புறப்பட்டவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அன்புச்செல்வி அடுப்படிக்குப் போனதும் அரங்கநாதன் கட்டைப் பிரித்துப் படிக்க ஆரம்பித்தான்.

அண்ணன் உப்பளத்துக்கு வருகிறான். கங்காணியிடம் குப்புவைப் பற்றி விசாரிக்கிறான். அவள் வந்த நாலாம் நாளே காய்ச்சலில் செத்துவிட்டாள் என்கிறான் கங்காணி. அண்ணன் வண்டி பிடித்து ஊருக்குத் திரும்புகிறான். முற்றும். இடையிடையே உப்பு, வெயில், உப்பு, வெயில் என்று சொல்லிப் பக்கங்களைச் சரசரவென்று திருப்பினான். வீட்டுக்குப் போகச் சாயங்கால பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது.

சவுரிராயன் நாலு விரலை மடக்கினார்.

"நாலாம் நாளே செத்துட்டாளா?"

"ஆமா சவுரி."

"அப்ப அந்தக் கொலுசை அனுப்பினது யாரு?"

அரங்கநாதனுக்குக் கொலுசு சுத்தமாக மறந்துபோயிருந்தது. "அதப் பத்தி ஒண்ணும் எழுதலியே" என்றான்.

"நல்லாப் பாருங்க சார். எங்கயாவது ஒரு வரியில சொல்லியிருப்பாரு. அவரு அப்டி வுடற ஆளு இல்ல."

சுற்றறிக்கையை முன்னும் பின்னும் புரட்டினான். "இல்லப்பா. வயசாயிடுச்சி இல்ல? எழுத்தாளரே மறந்துட்டாரு போல."

அடித்திருந்தால்கூட சவுரிராயன் தாங்கியிருப்பார். அவ்வளவு பெரிய கதையை, அவ்வளவு அலட்சியமாகவா ஒரு மனுஷன் முடிப்பான்? தன்னுடைய கடைசி வெளிச்சத்தை இதற்காகவா மிச்சம் பிடித்துவைத்தோம் என்று நினைத்து நினைத்து அவருக்கு நெஞ்சு கொதித்தது. அரங்கநாதன்மேல் ஒரு துளி சந்தேகமும் வரவில்லை. கோபம் முழுக்க எழுத்தாளர்மேல் போயிற்று. இத்தனை காலமும் அந்த ஆள் தன்னை ஏமாற்றியிருக்கிறான் என்று முடிவு கட்டினார். மறுநாள் காலையில் அன்புச்செல்வியைக் கூப்பிட்டு, பீரோவில் இருக்கிற அத்தனையையும் பழைய பேப்பர்காரனுக்குப் போடச் சொன்னார். வேண்டாம் என்று சொன்னவள்மேல் முதல்முறையாகக் கைநீட்ட வந்தார். கை சுவரில் பட்டு விரல் வீங்கியது.

வேறு யாரிடம் கேட்பது என்று தெரியாமல் அன்புச்செல்வி அரங்கநாதனுக்கே போன் செய்தாள். புத்திமதி சொல்வான் என்று நினைத்தாள். அவன் சேதியைக் கேட்டதும் லீவு போட்டுவிட்டு ஆட்டோவோடு வந்து நின்றான். "கடைக்காரன் கிலோவுக்கு இன்னா தருவானோ அதையே நான் தர்றேன். தெரிஞ்சவங்க கையில இருக்கட்டுமே" என்றான். தராசை எதிர்த்த மளிகைக் கடையில் இரவல் வாங்கினார்கள்.

"வாணாம் சார்" என்றார் உள்ளேயிருந்து சவுரிராயன். "அந்த ஆளு எழுதினதை இனிமே நீங்களும் படிக்காதீங்க. கடைசியில மோசம் பண்ணிடறான்."

"நான் எங்க சவுரி படிக்கப் போறேன்? சும்மா வெச்சிருப்பேன்" என்றபடி அரங்கநாதன் அட்டைப்பெட்டியைக் கட்டினான். வாழ்க்கையில் அவ்வளவு மலிவாக அவன் புத்தகம் வாங்கியதில்லை.

காந்திமதி டீச்சர் பெங்களூரிலிருந்து திரும்பிய முதல் நாள், ரயிலில் அரங்கநாதன் காலிகோ துணி பைண்டிங் போட்ட பழைய புத்தகம் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தான். முதல் பக்கத்தில் சவுரிராயன் கையெழுத்து. விசாரித்தார். அவனும் மறைக்கவில்லை, மல்லாட்டையில் தொடங்கி எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே சொன்னான். சமயத்தில் தனக்குக் கதை கட்ட வந்ததில் அவனுக்குப் பெருமை வேறு.

"பாவி! குப்பு சாகலியே" என்றார் டீச்சர்.

"அப்டியா? அப்ப கொலுசு?"

"உனக்கு அது ஒரு கேடா? கண்ணு தெரியாத மனுஷன்கிட்ட இப்டி ஒரு காரியத்தைப் பண்ணிட்டு வந்திருக்கியே, நீயெல்லாம் சோறுதானே தின்றே?"

பெட்டியே திரும்பிப் பார்த்தது. "புதுசு வாங்கச் சொல்றீங்களா? பாதி நீங்க போடுங்க, பாதி நான் போடறேன்" என்றான் அரங்கநாதன்.

டீச்சர் அவன் காசைத் தொடவில்லை. பள்ளிக்கூடத்தில் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு வளவனூருக்கு ஓடினார். அரங்கநாதன் படித்தது பொய் என்றார். சவுரிராயன் தலையை ஆட்டினார். "அவரு இன்னாத்துக்கு டீச்சர் பொய் சொல்லணும்? இவ்ளோ தூரம் மெனக்கெட்டு வந்து, பக்கம் பக்கமா திருப்பிப் படிச்சாரு. என் காதால கேட்டேன். அந்தக் கொலுசைக்கூட அந்த ஆளு மறந்துட்டான் டீச்சர். அதைத்தான் என்னால தாங்கவே முடியல." கொலுசைப் பற்றியே அரை மணி நேரம் பேசினார். வாயால் சொன்னால் எடுபடாது என்று டீச்சருக்குப் புரிந்தது. அன்றைக்கே புத்தகத்துக்கு முழு விலையும் அனுப்பினார். தனக்கென்று முழு விலை கொடுத்து அவர் புத்தகம் வாங்கியதே இல்லை.

புத்தகம் வந்ததும் அதை எடுத்துக்கொண்டு வளவனூருக்குப் போனார். கடைசிப் பகுதியை முழுதாகப் படித்தார். தொண்டை கட்டியபோது அன்புச்செல்வி வாங்கி எழுத்துக்கூட்டினாள். உப்பளத்தின் மேஸ்திரியே குப்புதான். அண்ணன் அவளிடமே கூலி வேலை கேட்டு வந்து நிற்கிறான். அவளுக்குப் பார்த்ததும் தெரிந்துவிடுகிறது, அவனுக்குத் தெரியவில்லை. அவனைத் தன் எதிரில் உட்காரவைத்துச் சோறு போடுகிறாள். அவன் மடியிலிருந்து ஒற்றைக் கொலுசு நழுவி விழுகிறது. அவள் எழுந்துபோய்ப் பெட்டியிலிருந்து அதன் ஜோடியை எடுத்துவந்து அவன் இலைக்குப் பக்கத்தில் வைக்கிறாள். படித்துக்கொண்டே அன்புச்செல்வி அழுதுவிட்டாள். டீச்சரும் அழுதார்.

சவுரிராயன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு மெல்லச் சிரித்தார். பிள்ளைகள் செய்கிற குறும்பைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருந்தது.

"நல்லா இருக்குது டீச்சர். அந்த ஆளு எழுதினதைவிட நீங்க எழுதினது நல்லா இருக்குது. அன்னிக்கி நான் பொலம்பினேன்னு கொலுசுக்கும் ஒரு காரணம் வெச்சிட்டீங்க."

"ஐயோ, நான் எழுதல. புஸ்தகத்துல இருக்குது. அன்பு, நீ சொல்லும்மா."

"ஆமாங்க, சத்தியமா அப்டிதான் போட்டிருக்குது. நான்தானே படிச்சேன்" என்றாள் அன்புச்செல்வி.

"ரெண்டு பேரும் பேசி வெச்சிக்கினீங்களா?" என்றார் சவுரிராயன். "வுடு அன்பு. இனிமே எனக்கு யாரு இன்னா படிக்கிறாங்களோ அதான் புஸ்தகம்."

டீச்சர் அவருடைய கையைப் பிடித்து இழுத்துத் திறந்த பக்கத்தின்மேல் வைத்தார். வீங்கி வடிந்த விரல்கள் காகிதத்தின்மேல் மேலும் கீழும் போயின. முதுகுத் தையலைத் தடவிப் பார்த்தன. தையல் அறுபடாமல் கெட்டியாக இருந்தது.

"புதுசா வாங்கினீங்களா டீச்சர்? எனக்கோசரமா?" என்றார். "என்னை நம்பவைக்கறதுக்கு எதுக்கு இவ்ளோ செலவு? பிரிக்காமத்தானே இருக்குது. கறை படறதுக்குள்ள எடுத்துக்கினு போயி கடையிலயே திருப்பிக் குடுத்துடுங்க. வாங்கிக்குவாங்க."

புத்தகத்தை மூடி, அட்டையை உள்ளங்கையால் துடைத்து, டீச்சர் இருந்த பக்கமாக நீட்டினார்.